சாட்சியில் சொல்லாமல் விட்ட மாத்திரை

இருமல் வந்தபோது பழியை ஜெராக்ஸ் மையின் மேல் போட்டேன். அரூரில் அரசு அலுவலகங்கள் இருக்கும் தெருவில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். நாளெல்லாம் அந்தக் கறுப்புத் தூளை இழுப்பவள் இருமாமல் என்ன செய்வாள் என்று மூன்று வாரம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சாயங்காலக் காய்ச்சலுக்கும் உடம்பு இளைத்ததற்கும் மை பொறுப்பாகாது என்று எனக்கும் தெரியும்.

அரசு மருத்துவமனையில் சளிப் பரிசோதனை செய்தார்கள். நுரையீரல் காசநோய். டாக்டர் சின்னப் பெண், நிதானமாகச் சொன்னார்.

"ஆறு மாசம் மாத்திரை சாப்பிடணும்மா. ரெண்டு மாசத்துலயே நல்லாயிட்ட மாதிரி இருக்கும். அப்ப நிறுத்தினீங்கன்னா கிருமி மருந்துக்கு அடங்காமப் போயிடும்."

இப்போது இந்த நோயோடு இருப்பவர்களுக்கு ஒன்று: சிறுநீரின் நிறத்தைப் பார்த்துப் பயப்படாதீர்கள். ரிஃபாம்பிசின் (காசநோய்க் கிருமியைக் கொல்லும் மருந்து) அதைச் செம்மஞ்சளாக்கிவிடும். முதல் நாள் நான் ரத்தம் என்று நினைத்து என் கணவரைக் கத்திக் கூப்பிட்டேன்.

தெருவில் டைபாய்டு என்று சொன்னோம். காசநோய்க்காரி கையால் யார் காகிதம் வாங்குவார்கள்? இரண்டு வாரம் வீட்டில் கிடந்துவிட்டுக் கடைக்குத் திரும்பியபோது மாத்திரை அட்டைகளை மேசை இழுப்பறையில் ஏ4 தாள் கட்டுக்கு அடியில் வைத்தேன். காலை ஒன்பது மணிக்கு ஷட்டரைப் பாதி தூக்கிவிட்டு, தெருவுக்கு முதுகைக் காட்டி விழுங்குவேன்.

நான் கிறிஸ்தவள். அதை அடக்கி வைக்கத் தெரியாதவள். பட்டா நகல் எடுக்க வந்தவர் நகலோடு ஒரு நற்செய்திக் கைப்பிரதியும் கொண்டுபோவார். பஸ்ஸில் விசிறிக்கொள்ளவாவது சிலருக்கு அது உதவியிருக்கும். பக்கத்தில் டிபன் வண்டி போட்டிருக்கும் மாதம்மாள் அக்காவை எட்டு வருடமாகச் சபைக்கு அழைத்துக்கொண்டிருந்தேன். நெற்றி நிறைய விபூதியோடு அவர் ஒரே பதிலைச் சொல்வார்: "வாரத்துல ஒரு நாளுதான் லீவு. அன்னைக்கும் உக்காந்து கேக்கணுமா, எஸ்தரு?"

இரண்டு மாதம் முடிந்தபோது சளியில் கிருமி இல்லை என்று முடிவு வந்தது. அடுத்த ஞாயிறு சபையில் சாட்சி சொல்ல எழுந்தேன். கடவுள் நமக்குச் செய்ததை எல்லோர் முன்னும் சொல்வதற்குத்தான் எங்களிடம் சாட்சி என்று பெயர். எழுந்த பிறகுதான் பார்த்தேன், கடைசி வரிசையில் மாதம்மாள் அக்கா உட்கார்ந்திருந்தார்.

எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. "எனக்கு வந்தது டைபாய்டு இல்ல, காசநோய். ஜெபிச்சோம். இப்ப கிருமியே இல்லேன்னு ரிப்போர்ட் வந்திருக்கு" என்றேன். மாத்திரை என்ற சொல் நாக்கு நுனி வரை வந்தது. சொன்னால் அற்புதம் சின்னதாகிவிடும் என்று தோன்றியது. விட்டுவிட்டேன். அப்படிச் சொல்லும்படி போதகரோ வேறு யாருமோ எனக்குச் சொல்லவில்லை.

அதன்பின் ஐந்து ஞாயிறு அக்கா தவறாமல் வந்தார். எட்டு வருடத்தில் எனக்குக் கிடைத்த ஒரே ஆள். நான் பெருமையில் மிதந்தேன். ஐந்தாவது ஞாயிறு அவர் பாட்டின் நடுவில் இருமினார். புடவைத் தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டு இருமிய விதம் எனக்கு நன்றாகத் தெரிந்த விதம்.

வெளியே வந்ததும் கேட்டேன். "எனக்கும் அதே சீக்குதான்" என்றார், சிரித்துக்கொண்டே. "யாருகிட்டயும் சொல்லல. அதான் உன் சபைக்கு வந்து பாத்தேன். ரெண்டு வாரம் மாத்தர சாப்புட்டேன், கொடல வாரிக்கிட்டு வாந்தி. நீ அன்னைக்கு சொன்னதக் கேட்டு நிறுத்திட்டேன். உனக்குப் போனது எனக்குப் போவாதா?"

நான் அன்று காலை என் மாத்திரையை விழுங்கிவிட்டுத்தான் சபைக்கு வந்திருந்தேன்.

உடனே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. மூன்று நாள் கடையில் உட்கார முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. நகலெடுக்கும்போது ஒரே பக்கத்தை இரண்டு தடவை எடுத்தேன். மேசை இழுப்பறையைத் திறப்பேன், மூடுவேன். சொன்னால் அவர் சபைக்கு வரமாட்டார், சொல்லாவிட்டால் செத்துப்போவார். இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று உங்களுக்குத் தோன்றும். நான் மூன்று நாள் யோசித்தேன். இன்றைக்கும் நினைத்தால் கூசுகிறது.

நான்காம் நாள் ஒன்பது மணிக்கு மாத்திரை அட்டையை எடுத்துக்கொண்டு வண்டிக்குப் போனேன். அக்கா வடை சுட்டுக்கொண்டிருந்தார். அவர் பார்க்கவே மாத்திரைகளைப் பிரித்து, அவர் சொம்புத் தண்ணீரிலேயே விழுங்கினேன்.

"என்னது இது?"

"காசநோய் மாத்திரைக்கா. ஒரு நாளும் விடல. அன்னைக்கு சாட்சியில இதச் சொல்லாம விட்டுட்டேன்."

அவர் அடுப்பை அணைத்தார். வடை எண்ணெயிலேயே கிடந்தது. கோபப்படுவார் என்று நினைத்தேன். பட்டிருந்தால் தேவலை.

"மொதல்லயே சொல்லியிருந்தா உன் சாமிய நான் கொறைவாவா நெனச்சிருப்பேன்?" என்றார். "நான் எங்க சாமிக்கு வேண்டிக்கிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அதுக்காவ எங்க சாமிய யாராச்சும் வேலையத்ததுன்னு சொன்னாங்களா?"

நான் போய்க் கடை ஷட்டரை இறக்கிவிட்டு வந்தேன்.

அன்றே மருத்துவமனைக்குக் கூட்டிப்போனேன். நடையில் இருந்த பெஞ்சில் அக்கா என்னோடு ஒட்டாமல் ஒரு ஆள் இடம் விட்டு உட்கார்ந்தார். சளியில் கிருமி மறுபடி தெரிந்தது. மருந்துக்கு அடங்காத காசநோயா என்று பார்க்க இன்னொரு பரிசோதனைக்கு அனுப்பினார்கள்.

மருந்து இன்னும் கேட்கும் என்று முடிவு வந்தது. ஆனால் முதல் நாளிலிருந்து தொடங்க வேண்டும். டாக்டர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "யாரு சொல்லி நிறுத்தினீங்க?"

"யாரும் சொல்லல" என்றார் அக்கா. "நானாத்தான்."

அந்த வாரம் சபையில் மறுபடி எழுந்து, விட்டதைச் சொன்னேன். அட்டையைத் தூக்கியும் காட்டினேன். அல்லேலூயா சொல்வதா வேண்டாமா என்று யாருக்கும் தெரியவில்லை. போதகர் மட்டும் வாசலில், "அன்னைக்கே சொல்லியிருந்தாலும் ஸ்தோத்திரம் சொல்லியிருப்போமேம்மா" என்றார். கடைசி வரிசை காலியாக இருந்தது. அக்கா அதன்பின் சபைக்கு வரவில்லை.

என் ஆறு மாதம் போன மாதம் முடிந்தது. சிறுநீர் பழைய நிறத்துக்கு வந்துவிட்டது. உடம்புதான் பழையபடி ஆகவில்லை. ஒரு இருமல் வந்தால் அன்று முழுக்க அதையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஒன்பது மணியானால் கை தானாக மேசை இழுப்பறைக்குப் போகிறது. அங்கே தாள் கட்டு மட்டும் இருக்கிறது. கைப்பிரதிகள் இன்னும் பக்கத்தில்தான் உள்ளன. கொடுக்கும் முன் இப்போது எதிரில் நிற்பவரின் முகத்தைப் பார்க்கிறேன்.

அந்த ஒன்பது மணிக்கு நான் வண்டிக்குப் போய்விடுகிறேன். அக்காவுக்கு இன்னும் ஏறக்குறைய மூன்று மாதம் பாக்கி. முதல் வாரம் என் முகத்தைப் பார்க்காமலேயே விழுங்கினார். இரண்டாவது வாரம் ஸ்டூலைக் காலால் என் பக்கம் தள்ளினார். இன்று காலை விபூதியைத் தொட்டு இட்டுக்கொண்டு, மாத்திரைகளை உள்ளங்கையில் வைத்தபடி என்னைப் பார்த்தார்.

"நீயும் ஒண்ணு சொல்லு. மாத்தரையயும் சேத்துச் சொல்லு."

எட்டு வருடம் கைப்பிரதி கொடுத்தவள், கண்ணை மூடிக்கொண்டேன். "ஆண்டவரே, இந்த மாத்திரை அக்கா வயித்துல தங்கட்டும்" என்றேன். அதற்கு மேல் வரவில்லை.

"ஆமென்னு சொல்லணுமா?"

"வேண்டாங்க்கா. தண்ணியக் குடிங்க."

விழுங்கினார். வாந்தி வருகிறதா என்று பார்க்கப் பத்து நிமிடம் உட்கார்ந்திருந்தோம். அதற்குள் என் கடை வாசலில் நாலு பேர் நகலெடுக்க வந்து நின்றார்கள். நான் எழுந்திருக்கவில்லை.