பெட்டி வீட்டில் எலி விழுந்தது

நான் தனிக்குடித்தனம் போனது ஒரு ரயில் பெட்டிக்குள். சொன்னால் இன்றைக்கு யாரும் நம்புவதில்லை. மொரப்பூரிலிருந்து ஓசூர் வரைக்கும் ஒரு காலத்தில் சின்ன ரயில் ஓடியது. யுத்தத்தின்போது அதை நிறுத்தி, தண்டவாளத்தையும் பெயர்த்துக்கொண்டு போனார்கள். கழித்துப்போட்ட பெட்டிகளில் ஒன்றை என் மாமனார் ஏலத்தில் எடுத்தார். சக்கரம் இல்லாத வெறும் கூண்டை ராயக்கோட்டைப் பக்கம் ஊருக்கு வெளியே எங்கள் கொல்லைக்காட்டு மூலையில் கருங்கற்கள்மேல் உட்கார வைத்தார். அவர் காலத்துக்குப் பிறகு ஊருக்குள் இருந்த ஓட்டு வீடு என் கணவரின் அண்ணனுக்கு, பெட்டி எங்களுக்கு என்று பாகமானது. ஓரகத்தியோடு ஒரே அடுப்பில் இரண்டு வருஷம் வெந்த எனக்கு அது அரண்மனை.

என் கணவருக்கோ அது உயிர். வருஷா வருஷம் மழைக்கு முன்னால் கூரைப் பலகைகளை மூடியிருந்த கித்தான் துணிமேல் தார் பூசுவார். கரையான் ஏறாமல் இருக்க லாரி ஷெட்டிலிருந்து கழிவு எண்ணெய் வாங்கிவந்து பலகைகளில் தேய்ப்பார். எத்தனை பேர் உட்காரலாம் என்று மூன்று பாஷையில் எழுதியிருந்ததைக்கூட அழிய விடமாட்டார். பெண்டாட்டி முகத்தை அத்தனை தரம் துடைத்துப் பார்த்திருப்பாரா என்று நான் கேட்பேன், அவர் சிரிப்பார்.

எங்கள் மகளுக்கு நான்கு வயசாகும்போது ஊரில் எலி விழுந்தது. வீட்டுக்குள் எலி தானாகச் செத்து விழுந்தால் பின்னாலேயே பிளேக் வருகிறது என்று அர்த்தம். ஒரே நாளில் ஊர் காலியாகி, ஜனங்கள் கொல்லைகளில் குடிசை போட்டுக்கொண்டார்கள். எலி விழுந்த வீட்டைச் சுகாதார இன்ஸ்பெக்டர் லேசில் விடமாட்டார். கூரையைப் பிரித்து உள்ளே வெயில் விழ வைப்பார், வளைகளில் விஷப்புகை அடிப்பார். ஓட்டு வீடு என்றால் ஓட்டை மறுபடி அடுக்கிக்கொள்ளலாம்.

“நம்ம பொட்டி அப்படி இல்லம்மே. அந்த வளைஞ்ச பலகையப் பிரிச்சா, திரும்ப மூடறதுக்கு இந்த ஜில்லாவுலயே ஆள் கெடையாது” என்றார் என் கணவர்.

நாங்கள்தான் ஏற்கெனவே ஊருக்கு வெளியே இருக்கிறோமே, நமக்கென்ன என்று இருந்திருக்கலாம். இருக்கவிட்டேனா? காலியான ஊரில், ஓட்டு வீட்டில் கிடந்த எங்கள் பாகத்துக் கேழ்வரகைத் திருடன் கொண்டுபோவான் என்று நச்சரித்து, மூட்டைகளைப் பெட்டிக்குக் கொண்டுவர வைத்தேன். தானியத்தோடு எலியும் தெள்ளுப்பூச்சியும் கூடவே வரும், இடம் மாற்றக் கூடாது என்று தண்டோரா போட்டிருந்தார்கள். போட்டால் என்ன, எல்லாம் எனக்குத் தெரியும் என்ற திமிர். மூட்டைகளைப் பெஞ்சுக்கு அடியில் தள்ளிவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன்.

ஐந்தாம் நாள் காலை பெருக்கும்போது பெஞ்சுக்கு அடியில் ஒரு எலி செத்துக் கிடந்தது. கணவர் ஏர் ஓட்டப் போயிருந்தார், மகள் வெளியே மண்ணில் விளையாடிக்கொண்டிருந்தாள். அவரிடம் சொன்னால் நேரே போய் இன்ஸ்பெக்டரிடம் சொல்லிவிடுவார், அவர் அப்படிப்பட்ட மனுஷன். பெட்டியைப் பிரித்துவிடுவார்கள். அப்புறம் சாகிற வரைக்கும் ஓரகத்தி அடுப்படிதான். இடுக்கியால் அதைத் தூக்கிக்கொண்டுபோய் வரப்போரம் முள்ளைப் போட்டு எரித்தேன். யாரிடமும் மூச்சு விடவில்லை.

அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. பலகை லேசாகக் கிரீச்சிட்டால்கூடத் திடுக்கிடுவேன். மகளைக் குளிப்பாட்டும் சாக்கில் அக்குளையும் தொடை இடுக்கையும் தடவித் தடவிப் பார்ப்பேன். அவள் கூச்சத்தில் நெளிவாள். அதிசயமாக அவரும் அந்த நாட்களில் வேலை முடிந்து வந்ததும் அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். பாசம் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு வாரம் கழித்து, மத்தியானம், சாப்பிடக் கூப்பிட்டால் அவள் எழுந்திருக்கவில்லை. உடம்பு அனலாகக் கொதித்தது. பாவாடையை விலக்கித் தொட்டேன். தொடை இடுக்கில் நெல்லிக்காய் அளவுக்கு ஒரு கட்டி. நான் போட்ட கூச்சலில் அவர் மாட்டை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்தார். கட்டியைப் பார்த்தார். மகளைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார்.

ரோட்டோரம் பிளேக் ஊசி போடும் கொட்டகைக்கு இரண்டு மைல். வெயில் கொளுத்தியது. நான் பின்னால் ஓடினேன். அவர் தோளில் அவள் தலை ஆடுவதையே பார்த்துக்கொண்டு ஓடினேன். எலியை எரித்ததைச் சொல்லிவிடலாம் என்று நாலு தரம் வாயைத் திறந்தேன். சொன்னால் அந்த ரோட்டிலேயே என்னை விட்டுவிட்டுப் போய்விடுவாரோ என்று பயமாக இருந்தது. என் வீட்டுக்காக என் பெண்ணைக் கொன்றுவிட்டேன் என்பது மட்டும்தான் மனசில் ஓடியது.

கொட்டகையில் வரிசை நின்றது. இன்ஸ்பெக்டர் கன்னடக்காரர்களிடம் “இலி பித்திதியா?” என்றும் எங்களவர்களிடம் “எலி விழுந்துச்சா?” என்றும் கேட்டுக் கேட்டு நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார். மகளைப் பார்த்ததும் எழுந்து வந்தார். கட்டியை அழுத்தினார். அவள் முகம் சுளித்தாள், ஆனால் கத்தவில்லை.

“பிளேக் கட்டின்னா இப்படித் தொட விடமாட்டா” என்றவர், அவள் காலைத் தூக்கி உள்ளங்காலைத் திருப்பினார். அழுக்குக்கு நடுவே ஒரு துளை, சுற்றிச் சீழ் கோத்திருந்தது. “என்ன பாப்பா இது?”

“ஆணி” என்றாள் மகள். “பொட்டியில குதிச்சேன், குத்திருச்சு. அம்மா அடிக்கும்னு சொல்லல.”

“கால் புண்ணுக்கு நெறி கட்டியிருக்கும்மா, அவ்வளவுதான். இதுக்கா ரெண்டு பேரும் இப்படி வெளிறிப்போய் வந்தீங்க?”

நான் அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டேன். சீழை வெளியேற்றி மருந்து வைத்துக் கட்டினார்கள், ஒரு ஊசியும் போட்டார்கள். அவள் ஊசிக்கு அழுத அழுகை எனக்கு அத்தனை இனிப்பாக இருந்தது. எழுந்து போய்விடலாம். பெண் பிழைத்தாள், பெட்டியும் பிழைத்தது, யாருக்கும் எதுவும் தெரியாது. இன்ஸ்பெக்டர் நோட்டை எடுத்து எங்களிடமும் அந்த வழக்கமான கேள்வியைக் கேட்டார்.

“உங்க வீட்டுல எலி விழுந்துச்சா?”

நான் தரையைப் பார்த்தேன். என் கணவர் தொண்டையைச் செருமினார்.

“ரெண்டு விழுந்துச்சு சார். எடுத்துப் புதைச்சிட்டேன். இவளுக்குத் தெரியாது. தெரிஞ்சா புள்ளையத் தூக்கிக்கினு தாய் வீட்டுக்குப் போயிருவாளேன்னு சொல்லல.”

நான் எரித்த எலி எரிந்து சாம்பலாகிவிட்டது. அவர் புதைத்தவை வேறு.

“ரெண்டு இல்லைங்க” என்றேன். “மூணு.”

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். நாற்பது வருஷம் அவரோடு குடித்தனம் செய்தேன், அந்த மாதிரி ஒரு பார்வையை அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. கோபம் இல்லை அது. நானும் அவரை அப்படித்தான் பார்த்திருப்பேன்.

மறுநாள் காலை ஆட்கள் வந்தார்கள். எங்களுக்கும் ஊசி போட்டு, மகளோடு புளியமரத்தடியில் தள்ளி நிற்க வைத்தார்கள். முதலில் தரையைப் பெயர்த்தார்கள். பெட்டியின் தரை இரட்டைப் பலகை, நடுவே ஒரு கை நுழையும் இடைவெளி. இத்தனை வருஷம் எண்ணெய் தேய்த்த என் கணவருக்கே அது தெரியாது. மேல் பலகையைத் தூக்கிய ஆள் பின்வாங்கினான். உள்ளே இன்னும் ஐந்து எலிகள் செத்துக் கிடந்தன, எல்லாம் ஒரே இடத்தில், எங்கள் மகள் தினமும் பாய் விரித்துப் படுக்கும் மூலைக்கு நேர் கீழே.

கூரையை என்ன செய்யலாம் என்று இன்ஸ்பெக்டர் யோசித்துக்கொண்டிருந்தார். என் கணவர் மகளை என் கையில் கொடுத்துவிட்டுப் போய், ஒரு ஆளிடமிருந்து கடப்பாரையை வாங்கிக்கொண்டு, கூரையைப் பிரிக்கத் தானே மேலே ஏறினார்.