தள்ளினால் திருப்பித் தள்ளும்

வீடு மாற்றித் தரும் தொழிலில் எதைத் தள்ளினாலும் அதுவும் அதே பலத்தோடு நம்மைத் திருப்பித் தள்ளும். கால் தரையைப் பிடித்திருந்தால் பொருள் நகரும், இல்லாவிட்டால் நாம் நகருவோம். ஒரு தடவையாவது வீடு மாற்றி இடுப்பு ஒடிந்தவர்களுக்கு இதை நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

மலேசியாவில், அலோர் காஜாவில் நானும் என் வீட்டுக்காரர் சேவியரும் ஒரு பழைய லாரியை வைத்துக்கொண்டு இருபது வருஷம் இந்தப் பிழைப்புதான் பார்த்தோம். போன வருஷம் அவருக்குப் பக்கவாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது. அந்தக் கை மறுபடி எதையாவது தள்ளுமா என்பதுதான் அதன்பின் என் ஒரே கவலையாக இருந்தது. அவர் முகம் கொஞ்சம் மலரட்டும் என்று தினம் பழைய கதைகளைப் பேசிக்கொண்டிருக்கிறேன்.

சிம்பாங் அம்பாட் அலமாரி

சிம்பாங் அம்பாட்டில் வீடு காலி செய்த ஒரு அக்கா ரொம்பச் சுத்தக்காரி. வாடகை வீட்டை ஒப்படைக்கும்போது யாரும் ஒரு சொல் சொல்லிவிடக் கூடாதென்று, சாமான் ஏற்றுவதற்கு முன்னாலேயே தரை முழுக்க சோப்புத் தண்ணீர் போட்டுத் துடைத்துவிட்டார். நாங்களும் மரியாதையாகச் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனோம்.

சேவியர் இரும்பு அலமாரியில் இரண்டு கையையும் வைத்து ஓங்கித் தள்ளினார். அலமாரி அப்படியே நின்றது. இவர்தான் சர்ரென்று பின்னால் வழுக்கிப்போய் சோபாவில் விழுந்தார். அக்கா சிரிக்கவேயில்லை.

"அண்ணே, அலமாரிய ஏத்துங்கன்னா நீங்க போய் உக்காந்துட்டீங்களே?"

உம்பாய் படகு

உம்பாயில் ஒரு மலாய் மீன்பிடிக்காரப் பெரியவர், பாக்சிக் என்று கூப்பிடுவோம், வீட்டைக் காலி செய்தார். பழைய அடுப்பு ஒன்றைப் படகில் வைத்துவிடச் சொன்னார். சேவியர் வைத்துவிட்டு, கயிறு கட்டியிருக்கிறதா என்றுகூடப் பார்க்காமல் படகிலிருந்து கரைக்குத் தாவினார். கால் உதைத்த வேகத்தில் படகு பின்னால் போனது. கரைக்கும் படகுக்கும் நடுவில் இவர் சேற்றுத் தண்ணீரில் விழுந்தார்.

எழுந்து வந்து படகைத் திட்டினார் பாருங்கள், அரை மணி நேரம்! பாக்சிக் துண்டை நீட்டிக்கொண்டே மலாயில் சொன்னதைத் தமிழில் சொல்கிறேன்.

"நீதான் முதல்ல அத உதைச்ச, அது மேல கோவிச்சு என்ன செய்ய?"

அப்போதெல்லாம் விழுந்தாலும் தானே எழுந்து வந்த மனுஷன்.

சுவருக்குப் பதில் நான்

தினம் இருபது தடவை சுவரைத் தள்ளச் சொன்னார்கள் ஆஸ்பத்திரியில். சுவர் திருப்பித் தள்ளும், அதில்தான் கைக்குப் பலம் வரும் என்றார்கள். இவர் மாட்டேன் என்றுவிட்டார். சுவரைத் தள்ளி எந்த வீட்டை மாற்றப் போகிறேன் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

எனக்கு வந்த கோபத்தில் சுவருக்கு முன்னால் நானே போய் நின்றேன். அவர் வலது உள்ளங்கையை எடுத்து என் கையோடு வைத்து, என்னைத் தள்ளுங்கள் பார்ப்போம் என்றேன். ஒரு மாதம் ஒன்றும் நடக்கவில்லை. கை சும்மா என் கைமேல் கிடந்தது. நானும் விடவில்லை.

போன வாரம் காலையில் என் உள்ளங்கையில் ஒரு அழுத்தம். என் கால் தானாக ஒரு அடி பின்னால் போனது. என்னால் தாங்க முடியவில்லை, முந்தானையை எடுத்துக்கொண்டு அழ சமையலறைக்குக் கிளம்பினேன். பின்னாலிருந்து குரல் வந்தது.

"எங்க ஓடுற? இன்னும் பத்தொன்பது இருக்குலா."

இருபது வருஷம் ஊரார் சாமான்கள் இவரிடம் பட்ட பாட்டை இப்போது நான் தினம் இருபது தடவை படுகிறேன், அதற்காகவே விடிவதற்குள் எழுந்தும்விடுகிறேன்.