கொலுவில் ஒரு போர்க்கப்பல்

தகரப் பெட்டியை மன்னி திறந்தாள். உள்ளே இருந்தது சேறு. வைக்கோலும் பழைய வேட்டித் துணியும் ஊறிப்போய், மஞ்சளும் சிவப்பும் நீலமுமாகக் குழம்பிக் கிடந்த சேறு. முழங்கை வரை உள்ளே விட்டுத் துழாவினாள். மரப்பாச்சி ஜோடி ஒன்று மட்டும் அகப்பட்டது. மரம் என்பதால் பிழைத்துக்கொண்டது. தசாவதாரம், செட்டியார் தம்பதி, கல்யாண ஊர்வலம் எல்லாம் கரைந்து ஒன்றாகிவிட்டன. அவளுடைய அம்மா சீதனமாகக் கொடுத்த கொலு பொம்மைகள் அவை. அந்த அம்மா போய் அப்போது ஒரு வருஷம்கூடத் திரும்பவில்லை.

எழுபதுகளின் நடுப்பகுதி அது. அந்த வருஷம் பனிக்காலத்தில்தான், வங்காளத்தில், பவானிபூரிலிருந்து டாக்குரியாவுக்குக் குடி வந்திருந்தோம். அண்ணாவுக்கு பாங்கில் வேலை. எனக்குக் கார்டன் ரீச்சில் ரயில்வே ஆபீசில் டைப்பிஸ்ட் உத்தியோகம். கல்யாணம் ஆகாத நாத்தனார் என்றால் வீட்டில் ஒரு தனி அதிகாரம் உண்டே, அதை நான் குறைவில்லாமல் செலுத்திக்கொண்டிருந்தேன். வாடகை குறைவு என்று தரைத்தளத்தைப் பிடித்துக்கொடுத்த பெருமை அண்ணாவுக்கு. ஆடி மழையில் கட்டில் விளிம்பு வரை தெருத்தண்ணீர் உள்ளே வந்தபோது அந்தப் பெருமையும் அதோடு மிதந்தது.

"போனாப் போறது, விடு. இந்த ஊர்ல பொம்மைக்கா பஞ்சம்? புதுசா வாங்கிடலாம்" என்றான் அண்ணா.

"எங்கம்மாவையும் புதுசா வாங்கிண்டு வந்துடுவேளா?" என்றாள் மன்னி.

அண்ணா சட்டையை மாட்டிக்கொண்டு பாங்குக்குக் கிளம்பிவிட்டான். அவ்வளவு சீக்கிரம் அவன் கிளம்பி நான் பார்த்ததில்லை. மன்னி அதிகம் பேச மாட்டாள். அன்று சேற்றை வாளியில் அள்ளிக்கொண்டே என்னிடம் மட்டும் சொன்னாள்: "எங்காத்துல கொலு நின்னதே இல்லைடி. நான் விட்டுட்டா அம்மா ரெண்டாந்தரம் செத்துப்போயிடுவா." நான் இன்னொரு வாளியை எடுத்துவந்து அவளோடு அள்ளினேன். நானே வாளி தூக்கினேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

நாலைந்து நாள் கழித்து, ஆபீசுக்குக் கிளம்பும்போது கேட்டாள், "கெட்டியா, மழமழன்னு காகிதம் கிடைக்குமாடி?" எதற்கு என்றேன். "கப்பல் பண்ணப்போறேன். போர்க்கப்பல்."

எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. பிறகு கதை வந்தது. அவள் அப்பாவுக்கு விசாகப்பட்டினம் துறைமுகத்தில் வேலை. மேட்டின் மேல் வீடு. ஜன்னலைத் திறந்தால் சாம்பல் நிறப் போர்க்கப்பல்கள் தெரியும். அவளுடைய கூடப்பிறந்த அண்ணனுக்கு யாரோ ஒரு மாலுமி, வெட்டி மடித்து ஒட்டினால் கப்பலாகும் அச்சடித்த அட்டைகளைக் கொடுத்திருக்கிறான். அந்த அண்ணனுக்கு ஒட்டப் பொறுமை இல்லை. இவள் உட்கார்ந்து ஒட்டினாள். அட்டைகள் தீர்ந்ததும் ஜன்னலைப் பார்த்துத் தானே வரைந்து வெட்ட ஆரம்பித்தாள். வருஷா வருஷம் அவள் செய்த கப்பலை அவள் அம்மா கொலுவின் கீழ்ப்படியில் வைப்பாளாம். கல்யாணம் ஆயிற்று, எல்லாம் விட்டுப்போயிற்று. எங்கள் வீட்டுக்கு வந்து இத்தனை வருஷத்தில் இதைப் பற்றி அவள் மூச்சு விட்டதில்லை. நாங்களும் கேட்டதில்லை. மன்னியின் ரசத்தைப் பற்றித்தான் எங்களுக்கு அபிப்பிராயம் உண்டு.

பவானிபூரில் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் அச்சகத்தில் வெட்டித் தள்ளிய அட்டைகளைக் கட்டாக வாங்கி வந்தேன். மைதாமாவைக் காய்ச்சி, கரப்பான் அண்டாமல் இருக்க மயில்துத்தம் கலந்து, நீலம் பாரித்த பசையாக்கினாள். அந்தக் கிண்ணத்தை யாரும் தொடக்கூடாது என்று சமையலறைக்கே கொண்டுவராமல் ஜன்னல் விளிம்பில் வைத்திருந்தாள். முதலில் செய்த அடிப்பாகம், மழைக்காலத்து ஈரத்தில் நமுத்த அப்பளமாக நெளிந்தது. கிழித்துப் போட்டாள். இரண்டாவது, உள்ளே குறுக்குச் சட்டங்கள் கோத்துச் செய்தது, நெளியவில்லை. அதன்மேல் மெழுகுவத்தியைத் தேய்த்து, வார்னிஷ் அடித்தாள். பீரங்கிக் குழல்களை ஈர்க்குச்சியில் காகிதம் சுற்றி உருவி எடுத்தாள். தளத்தைச் சுற்றிக் கம்பிக் கிராதி வேண்டும்; தையல் நூலைச் சாதக் கஞ்சியில் தோய்த்துக் காயவைத்தாள், கம்பியாகவே விறைத்தது. அடேயப்பா, இந்தக் கைகளா நம் வீட்டில் இத்தனை நாள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தன என்று நான் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருப்பேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னோடு கார்டன் ரீச்சுக்கு வந்தாள். அங்கிருக்கும் கப்பல் கட்டும் இடத்துக்குள் நமக்கு அனுமதி ஏது? படகில் ஏறிக் கங்கையின் நடுவுக்குப் போனோம். கரையில் ஒரு போர்க்கப்பல், பாதி வண்ணம் பூசியபடி நின்றது. இவள் புடவைத் தலைப்பை இறுக்கிக்கொண்டு எழுந்து நின்றுவிட்டாள். படகுக்காரன், உட்காருங்கள் அம்மா என்று கத்துகிறான். இவள் காதில் விழவே இல்லை. கோவிலில் திரை விலகும்போது ஜனங்கள் பார்ப்பார்களே, அப்படிப் பார்த்தாள். வீட்டுக்கு வந்ததும் தன் கப்பலின் புகைபோக்கியைப் பிய்த்தெடுத்துக் கொஞ்சம் பின்னால் சாய்த்து ஒட்டினாள்.

நவராத்திரிக்கு மூன்றே படிதான் கட்டினோம். மேலே கலசம், அதன் பக்கத்தில் மரப்பாச்சி ஜோடி. நடுப்படியில், ஒரு கையை நீட்டினால் எவ்வளவு நீளமோ அவ்வளவு நீளத்துக்குச் சாம்பல் நிறத்தில் அந்தக் கப்பல், நெற்றியில் சந்தனமும் முனையில் செவ்வந்தியுமாக. கீழ்ப்படியில் விளக்கு. வேறு ஒன்றும் இல்லை. வேறு ஒன்றுக்கும் அங்கே இடமும் இல்லை. சுண்டலுக்கு வந்த நம் ஊர் மாமி ஒருத்தி, "என்னடிம்மா, கொலுவுல பீரங்கி!" என்று மூக்கில் விரலை வைத்தாள்.

"அம்பாள் கையில சூலமும் கத்தியும் இருக்கலாம், கப்பல்ல பீரங்கி இருக்கப்படாதா மாமி?" என்றாள் மன்னி. நான் உள்ளே ஓடிப்போய்ச் சிரித்தேன்.

மாடியில் இருந்த வீட்டுக்காரியைத் தெருவே மாஷிமா, அதாவது சித்தி, என்று கூப்பிடும். அந்த அம்மாள் கப்பலைப் பார்த்துவிட்டு, தெருவின் துர்க்கா பூஜைப் பந்தலுக்கு வந்தவர்களையெல்லாம் எங்கள் வீட்டுக்கும் அனுப்பிவைத்தாள். வாசலில் வரிசை நின்றது. "கீ ஷுந்தோர், பௌதி!" எவ்வளவு அழகு அண்ணி, என்று வாலிபர்கள் குரலைத் தாழ்த்திச் சொல்லிவிட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, கப்பலைக் கும்பிட்டார்கள். போர்க்கப்பலைக் கும்பிடுகிறார்களே என்று எனக்கு வேடிக்கையாக இருந்தது. மூன்றாம் நாள் நானும் கும்பிட்டேன்.

விஜயதசமியன்று பவானிபூரில் உறவுக்காரர் வீட்டில் சாப்பாடு. சாவியை வழக்கம்போல மாஷிமாவிடம் கொடுத்துவிட்டுப் போனோம். சாயங்காலம் திரும்பினால் நடுப்படி காலி. மாஷிமா, பந்தலில் பெண்கள் ஒருவருக்கொருவர் பூசிக்கொண்டதில் முகமெல்லாம் குங்குமமாக, சந்தோஷமாக இறங்கி வந்தாள். நம் வழக்கம் அவளுக்கு எப்படித் தெரியும்? ராத்திரி ஒரு பொம்மையைப் படுக்க வைத்துவிட்டு, மறுநாள் எடுத்து அடுத்த வருஷத்துக்குப் பத்திரப்படுத்துவோம். அவர்களுக்கோ, அந்த வருஷம் புதிதாகச் செய்து பூஜை பண்ணியது தசமியன்று கங்கையில் கரைந்தாக வேண்டும். பழைய மரப்பாச்சியை விட்டுவிட்டாள். புதுக் கப்பலை அனுப்பிவிட்டாள். "உங்களுக்கு லாரி ஏது, தனியாகத் தூக்கிக்கொண்டு எங்கே அலைவீர்கள்? நம் துர்க்கையோடேயே ஏற்றிவிட்டேன். என் பிள்ளை மடியிலேயே வைத்துக்கொண்டு போகிறான், கவலைப்படாதே மா" என்றாள் வங்காளியில்.

அண்ணாவின் முகம் வெளுத்துப்போயிற்று. மன்னி மாஷிமாவின் கையைப் பிடித்து ஒரு தரம் அழுத்திவிட்டு வாசலுக்கு ஓடினாள். டாக்சி கிடைத்து என்ன பயன்? வழியெல்லாம் லாரிகளும் கொட்டும் ஆட்டமும். படித்துறைக்கு நாங்கள் வந்து சேர்ந்தபோது எங்கள் தெரு துர்க்கையை இறக்கிக்கொண்டிருந்தார்கள்.

மாஷிமாவின் பிள்ளை முழங்கால் தண்ணீரில் நின்றான். கூட்டம் இடித்துவிடக் கூடாது என்று கப்பலை இரண்டு கையாலும் தலைக்குமேல் பிடித்திருந்தான், பாவம். முனையில் யாரோ சிந்தூரம் இட்டிருந்தார்கள். முன் பீரங்கிக்கு எதிரே ஒரு சந்தேஷ் இனிப்பு வைத்திருந்தார்கள். எங்களைக் கண்டதும் அவனுக்கு உயிர் வந்தது. "பௌதி! நீங்கள் வருவீர்கள் என்று எனக்குத் தெரியும். உங்கள் சாமி, உங்கள் கையால்தான் போக வேண்டும்" என்று நீட்டினான்.

மன்னி வாங்கிக்கொண்டாள். ஒரு கிராதி நூல்கூட அறுந்திருக்கவில்லை. "அப்படியே திரும்பு, ஆத்துக்குப் போயிடலாம். அவாகிட்ட நான் சொல்லிக்கறேன்" என்றான் அண்ணா.

மன்னி திரும்பவில்லை. துர்க்கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தண்ணீரில் தேவியின் வண்ணம் பிரிந்து மஞ்சளாகவும் சிவப்பாகவும் ஓடியது. உள்ளிருந்து வைக்கோல் எட்டிப்பார்த்தது. கரையில் பெண்கள் வாய்விட்டு அழுதார்கள். அழுகிறவர்களே குலவையும் இட்டார்கள். மன்னியின் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்ததை அன்றுதான் பார்த்தேன். பெட்டியைத் திறந்த அன்றுகூட அவள் அழவில்லை.

"எங்கம்மா பொம்மையெல்லாம் இருட்டுல, பெட்டிக்குள்ள, யாருமே பார்க்காம போச்சுடி. இது இப்படிப் போகட்டும்" என்றாள். புடவையோடு இறங்கினாள். இடுப்பளவு தண்ணீரில் நின்று கப்பலை மெல்ல விட்டாள்.

அது சாய்ந்தது. இடப்பக்கமாக, கிராதி நனையும் அளவுக்குச் சாய்ந்தது. மின்விசிறிக் காற்றில் புரளாமல் இருக்க அதன் அடியில் அவள் ஒட்டியிருந்த கூழாங்கற்கள் என்ன மாயம் பண்ணினவோ, நிமிர்ந்துவிட்டது. நிமிர்ந்து, ஒருமுறை ஆடி, நின்றது. இறங்குமுகத்து நீரோட்டம் அதைப் பிடித்துக்கொண்டது. காகிதமாவது! மாலைகளுக்கும் மிதக்கும் வைக்கோலுக்கும் நடுவே, பீரங்கிகளை நேராக நீட்டிக்கொண்டு, பெரிய ஆற்றில் நிஜமான கப்பல் போகிற மாதிரியே போயிற்று. கொட்டடித்தவன் குச்சியைத் தூக்கியபடியே நின்றுவிட்டான். எதிரே வந்த படகுக்காரன் துடுப்பை உயர்த்தி அதற்கு வழிவிட்டான்.

அப்புறம்தான் மாஷிமாவின் பிள்ளை அடிவயிற்றிலிருந்து கத்தினான்: "ஆஷ்சே போச்சோர்!" அடுத்த வருஷம் என்று அர்த்தம். "ஆபார் ஹோபே!" மறுபடியும் வரும் என்று கரையே பதில் சொன்னது. அதில் மன்னியின் குரலும் இருந்தது. அவள் குரல் அவ்வளவு பெரியது என்று எனக்கு அதுவரை தெரியாது.

அதற்குப் பிறகு அண்ணாவுக்கு மாற்றலாகும் வரை வருஷம் ஒரு கப்பல் செய்தாள். எல்லாம் கங்கைக்குத்தான் போயின. ஒன்றைக்கூடப் படம் எடுத்து வைக்கவில்லை. இன்று அண்ணாவின் பேரன், பாட்டி போர்க்கப்பல் கட்டினாள் என்றால் போனிலிருந்து தலையைத் தூக்காமல் "படம் இருக்கா?" என்கிறான். நான் என்னத்தைக் காட்ட?

அன்று திரும்பும்போது அண்ணாவுக்குத்தான் ஆற்றாமை தாங்கவில்லை. "ரெண்டு மாச உழைப்பு. வச்சுண்டிருக்கலாமே" என்று டாக்சி முழுக்கப் புலம்பினான். மன்னி நனைந்த புடவையோடு, பிழியக்கூடத் தோன்றாமல், என் தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு வேறொரு கவலையும் இல்லை.

"நேரா நின்னுது, பார்த்தேளா?" என்றாள்.