பொட்டு வைத்த பிளாப்பி

பீரோவின் அடித்தட்டைச் சுத்தம் பண்ணும்போது பழைய சேலைகளுக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் டப்பா அகப்பட்டது. மூடியைத் திறந்ததும் சந்தன வாசம். முப்பது வருஷத்துச் சந்தனத்துக்கு வாசம் இருக்குமா என்று கேட்காதீர்கள், எனக்கு வந்தது. உள்ளே நீலமும் கறுப்புமாக, கம்ப்யூட்டரில் அடித்ததைப் பதிந்து வைக்கிற அந்தக் காலத்துப் பிளாப்பிகள். பீளமேட்டில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கும் என் மகன் ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"இதையெல்லாம் தூக்கிப் போட்ரலாமுங்கம்மா. இதைப் படிக்கற மிஷினே இப்ப இல்லீங்க."

எனக்கு வந்ததே கோபம்! "மிஷின் இல்லாட்டித் தேடு. உள்ள இருக்கறது மும்தாஜோட நாவலு. வேற பிரதி கிடையாது" என்றேன்.

மும்தாஜைச் சொல்லாமல், அப்போது நான் வேலை பார்த்த மாடியைச் சொல்ல முடியாது. பீளமேட்டில் காலேஜுக்கு எதிரே, பேக்கரிக்கு மேலே, கம்ப்யூட்டரில் அடித்து அச்செடுத்துக் கொடுக்கிற எங்கள் டி.டி.பி. சென்டர். செருப்பை வெளியே விட்டுவிட்டு ஏதோ சன்னிதிக்குப் போகிற மாதிரி உள்ளே போகணும். அந்தத் தெருவிலேயே ஏ.சி. இருந்தது எங்கள் அறையில்தான். கல்யாணப் பத்திரிகையில் ஒரு எழுத்துத் திருத்த வருகிற மாமாக்கள், சித்திரை மாசத்தில் மத்தியானம் முழுக்க உட்கார்ந்து திருத்துவார்கள். மாணவர்களின் இங்கிலீஷ் ஆய்வேடெல்லாம் எனக்கு. தமிழ் வேலை முழுக்க மும்தாஜுக்கு. கோட்டைமேட்டிலிருந்து பஸ்ஸில் வருவாள். என்னைவிடச் சின்னவள், என்னைவிட வேகம். இதை அப்போது நான் ஒத்துக்கொண்டதில்லை.

சாப்பாட்டு நேரத்தில் நாலு வாய் அள்ளிப் போட்டுவிட்டுக் கை கழுவி வந்து நாவல் அடிப்பாள். பஞ்சு மில்லில் வேலை பார்க்கிற ஒரு பெண், சொந்தமாகத் தையல் கடை வைக்கத் துடிக்கிற கதை. காகிதத்தில் எழுதிக்கொள்வதே இல்லை, நேராகக் கம்ப்யூட்டரில்தான். "ஊட்டுல பேப்பர்ல எழுதினா ஆளாளுக்கு எடுத்துப் படிப்பாங்கக்கா. இதை எவன் படிப்பான்?" என்பாள். நான் மட்டும் அவள் தோளுக்குப் பின்னால் நின்று, டிபன் டப்பாவும் கையுமாகப் படித்தேன். ரசத்தை அவள் துப்பட்டாவில் சிந்தியதும் உண்டு.

எங்கள் முதலாளி வீட்டில் தெலுங்கு, கடையில் தமிழ், கோபம் வந்தால் இரண்டும் பேசுவார். தங்கமான மனுஷன். ஆயுத பூஜை வந்தால் மட்டும் அவரைப் பிடிக்க முடியாது. கோயமுத்தூரில் லேத்துப் பட்டறையிலிருந்து பஸ் வரைக்கும் பொட்டு வைக்கிற நாள் அல்லவா, எங்கள் மானிட்டர், பிரிண்டர், ஸ்டேப்ளர் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம். ஒரு வருஷம் பிளாப்பி டப்பாவையும் எடுத்துவிட்டார். மேலாக வைத்தால் போதாதா? ஒரு பிளாப்பியின் தகரக் கதவை விரலால் தள்ளி, உள்ளே மின்னுகிற தட்டில் நச்சென்று ஒரு பொட்டு!

மும்தாஜ் பொரித்தட்டோடு ஓடி வந்தாள். "ஐயோ, உள்ள வெக்கக் கூடாதுங்க!"

"சரக்கு உள்ளதானம்மணி இருக்குது? கதவுக்குப் பொட்டு வெச்சா என்ன பிரயோசனம்?" என்றார் அவர்.

சிரித்துச் சிரித்து எங்களுக்கு வயிறு வலித்தது. கம்ப்யூட்டரில்தான் எல்லாம் இருக்கிறதே என்ற தைரியம், வேறு பிளாப்பியில் எடுத்து வைக்கத் தோன்றவில்லை. பிறகு அவளுக்குத் தாராபுரத்தில் கல்யாணம் ஆனது. போகும்போது டப்பாவை என் கையில் திணித்து, "அங்க கொண்டுபோக முடியாதுங்கக்கா" என்றாள். கொஞ்ச நாளில் கடையை மூடினார்கள், கம்ப்யூட்டர் பழைய சாமானுக்குப் போனது. ஆக, மிஞ்சியது டப்பாதான்.

அகப்பட்டதும் அவளுக்குத்தான் போன் போட்டேன். "விடுங்கக்கா, பேத்தி எடுத்தாச்சு. அது செத்துப்போன கதை. யாருக்கு வேணும்?" என்றாள்.

"எனக்கு வேணும். செத்துச்சா இல்லையான்னு நான் பார்த்துச் சொல்றேன்" என்று போனை வைத்துவிட்டேன். பழசு என்றாலே செத்தது என்று எழுதிவிடுகிற புத்தி எங்கிருந்துதான் வருகிறதோ! அவளே சொன்னாலும் நான் விடுவதாக இல்லை.

காந்திபுரத்தில் பழைய கம்ப்யூட்டர் சாமான் விற்கிற கடையில் வெளியே மாட்டுகிற பிளாப்பி டிரைவ் ஒன்று கிடைத்தது. மாட்டியதும் அது 'கர்ர் கர்ர்' என்று ஒரு சத்தம் போட்டது பாருங்கள், எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. கோப்புகள் வந்தன. திறந்தால் தமிழே இல்லை! இங்கிலீஷ் எழுத்தும் கொம்பும் குறியுமாக ஒரே குப்பை. எந்தக் கம்ப்யூட்டரிலும் தமிழைத் தமிழாகக் காட்டுகிற யூனிகோடு அந்தக் காலத்தில் ஏது? எழுத்துரு இல்லாவிட்டால் தமிழ் இல்லை. இணையத்தில் இருக்கிற மாற்றிகளையெல்லாம் மகன் போட்டுப் பார்த்தான். இன்னும் பெரிய குப்பைதான் வந்தது. வராதுதான். எங்கள் முதலாளி, தன் வசதிக்கென்று அந்த எழுத்துருவைப் பிரித்து எழுத்துகளை இடம் மாற்றி வைத்திருந்தார். அந்த விசைப்பலகை உலகத்தில் எங்கள் மாடியில் மட்டும்தான் இருந்தது.

"எந்த கீயில எந்த எழுத்துன்னு சொன்னீங்கன்னா நான் மாத்திப்போடுவேனுங்கம்மா" என்றான் மகன்.

மும்தாஜ் லீவு போட்ட நாளெல்லாம் தமிழ் அடித்தவள் நான். யோசித்தேன், ஒன்றும் வரவில்லை. சரி, மண்டையைக் கேட்டு ஆகாது, விரலைக் கேட்போம் என்று கண்ணை மூடிக்கொண்டு 'நிகழும் மங்களகரமான' என்று அடித்தேன். ஓடியது! எத்தனை பத்திரிகை அடித்த விரல்! நான் அடிக்க அடிக்க, எது எங்கே விழுகிறது என்று அவன் குறித்துக்கொண்டான். ஞ எங்கே என்று மட்டும் விரலுக்கும் மறந்திருந்தது. கதையில் மஞ்சள் தாவணி வருகிற இடத்தைப் பார்த்து அதையும் பிடித்தோம். அவன் எழுதிய நிரலை ஓட்டியதும் திரையில் மில் சங்கு ஊதியது, அந்தப் பெண் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். நான் அழுதேன். அழாமல் இருப்பேனா?

பொட்டு வைத்த பிளாப்பி மட்டும் வரவில்லை. துடைத்துப் பார்த்தோம், கெஞ்சிப் பார்த்தோம், ம்ஹூம். கடைசி அத்தியாயம் அதில்தான் இருந்தது.

தாராபுரத்துக்குப் போன் போட்டு முதல் பக்கத்தை வாசித்துக் காட்டினேன். "மும்தாஜு, கடைசி அத்தியாயம் போயிருச்சு கண்ணு" என்றேன்.

"முடிவு ஞாபகம் இருக்குங்களாக்கா?" என்று கேட்டாள்.

"இருக்குது. தையல் மிஷினை வித்துப்போட்டு, கல்யாணம் பண்ணீட்டுப் போயிருவா."

"ஆமாங்க. அப்ப எனக்கு வேற முடிவு தெரியலை." பிறகு அவள் குரல் அந்த மாடியில் கேட்ட குரலாக மாறிவிட்டது. "மத்ததையெல்லாம் அனுப்புங்கக்கா. கடைசியை நான் எழுதறேன். கல்யாணம் பண்ணுவாளோ என்னவோ, பார்க்கலாம். மிஷினை மட்டும் விக்க மாட்டா."

அந்த மாடியில் இப்போது ஹாஸ்டல். முதலாளி போய்ச் சேர்ந்துவிட்டார். பேக்கரி இல்லை, வாசலில் கழற்றிவிட்ட செருப்புக் கும்பல் இல்லை, திருத்துகிற சாக்கில் ஏ.சி.யில் உட்கார்ந்த மாமாக்கள் இல்லை. அத்தனைக்கும் எனக்கு வருத்தம் உண்டு, மறைக்க மாட்டேன். ஆனால் அந்தக் கடைசி அத்தியாயம் தொலைந்ததற்கு மட்டும் என் கண்ணிலிருந்து ஒரு சொட்டு வராது.