கொலுவுக்கு எடுத்த மண்கோபுரம்

மே மாதத்து தில்லியில் விடிவதற்கு முன்பே சுவர் சுடத் தொடங்கிவிடும். பதினொரு மணி விமானத்துக்கு நான் ஆறரைக்கே ஆர்.கே.புரம் குடியிருப்பின் வாசலில் பெட்டியோடு நின்றேன். விமான நிலையம் அரை மணி தூரம்கூட இல்லை. தில்லியிலேயே உள்ள துவாரகாவிலிருந்து வந்து சேர்ந்த என் மதினி, அதாவது கணவரின் அக்கா, டாக்சியில் ஏறும்போதே ஆரம்பித்துவிட்டார்.

"ஏட்டி செண்பகம், பிளேனு உன்ன விட்டுட்டுப் பறந்துருமாக்கும்?"

"கூட்டம் சேந்துரும்லா மதினி."

"ஆபீஸ்லயும் இப்படித்தான் எல்லாரையும் விரட்டுவியா?"

விரட்டத்தான் செய்வேன். அமைச்சகம் ஒன்றில் பிரிவு அலுவலராக இருக்கிறேன். இருபத்தாறு வருடத்தில் "ஜல்தி", அதாவது சீக்கிரம், என்ற சொல்லைச் சொன்ன அளவுக்குப் பிள்ளைகள் பெயரைக்கூடச் சொன்னதில்லை. கணவருக்கு முழங்கால் வலி. அதனால் ஐந்து நாள் பூட்டான் பயணத்துக்கு நாங்கள் இரண்டு பெண்கள் மட்டும் கிளம்பினோம்.

இடப்பக்க ஜன்னல் கிடைத்தால் வழி நெடுகப் பனிமலை தெரியும். விமானம் இரண்டு மலைகளுக்கு நடுவே சாய்ந்து சாய்ந்து பாரோவில் இறங்கியபோது மதினி என் மணிக்கட்டைப் பிடித்த தடம் மாலைவரை இருந்தது. ஆதார் அட்டை அங்கே செல்லாது. வாக்காளர் அட்டையோ கடவுச்சீட்டோ வேண்டும். இந்தியர்களுக்குத் தலைக்கு ஒரு இரவுக்கு ஆயிரத்து இருநூறு ரூபாய் அரசுக் கட்டணம். வழிகாட்டி இல்லாமல் சுற்ற முடியாது. கடிகாரத்தை அரை மணி முன்னால் தள்ளி வைக்க வேண்டும். அந்த நாடு என்னோடு ஒத்துப்போனது அந்த ஒன்றில்தான்.

எங்கள் வழிகாட்டியின் பெயர் கின்லே. முப்பது வயதிருக்கும். முழங்கால்வரை வரும் அவர்கள் ஊர் அங்கியை இடுப்பில் இறுக்கிக் கட்டியிருந்தார். படம் பார்த்தே இந்தி கற்றுக்கொண்டாராம். வாக்கியத்தின் கடைசியில் மரியாதைக்கு ஒரு "லா" சேர்ப்பார். நாங்கள் பேசியதெல்லாம் இந்தியில். இங்கே தமிழில் தருகிறேன்.

பாரோவிலிருந்து திம்பு ஏறக்குறைய ஐம்பது கிலோமீட்டர். ஒன்றரை மணி நேரத்தில் ஒரே ஒரு ஹாரன் சத்தம் கேட்டது. தலைநகரில் சிக்னல் விளக்கே இல்லை. ஒரு போலீஸ்காரர் கூண்டுக்குள் நின்று வெள்ளைக் கையுறையை ஆட்டுகிறார். வண்டிகளும் கேட்டு நடக்கின்றன. எனக்கு அந்த அமைதி பிடிபடவில்லை. மறுநாள் தோச்சுலா கணவாயில், மூவாயிரத்து நூறு மீட்டர் உயரத்தில், நூற்றெட்டுத் தூபிகள் பனிமூட்டத்துக்குள் நின்றன. கின்லே ஒவ்வொன்றையும் வலமாகச் சுற்றி விளக்கிக்கொண்டிருந்தார். நான் மொத்தத்தையும் ஒரே சுற்றில் முடித்து வேனில் போய் உட்கார்ந்துகொண்டேன். புனாகா கோட்டையிலும் அதே கதை. மதினி மட்டும் சாவகாசமாக ரசித்தார். மிளகாயையும் பாலாடைக்கட்டியையும் சேர்த்து வேகவைத்த குழம்பை இரண்டாம் முறை கேட்டு வாங்கி, "மிளகாயவே கறியா வைக்கானுவ பாத்தியா, நம்ம தோத்தோம்" என்றார்.

நான்காம் நாள் புலிக்குகை மடம். பயணத் திட்டத்தில் அதற்குத்தான் ஒரு முழு நாள். காலை ஏழரைக்கு அடிவாரத்தில் கைத்தடி வாடகைக்கு எடுத்துக்கொண்டு பைன் மரங்களுக்குள் நடக்கத் தொடங்கினோம். மதினிக்கு வயது அறுபத்திரண்டு; கின்லே அவரோடு ஆமை நடை நடந்தார். நான் வழக்கம்போல் முன்னால் போய்விட்டேன். முக்கால் மணி நேரம் ஏறியபிறகு ஒரு வளைவில் நின்று திரும்பிப் பார்த்தால் இருவரையும் காணோம். சும்மா நிற்பது எனக்கு ஆகாத காரியம். அக்கம்பக்கம் நோட்டம் விட்டேன்.

பாதையோரம் பாறை ஒன்று கூரைபோல் நீட்டிக்கொண்டிருந்தது. அதன் அடியில் வெள்ளை பூசிய சின்னச் சின்ன மண்கோபுரங்கள், எலுமிச்சம்பழ அளவில், வரிசை வரிசையாக அடுக்கியிருந்தன. எனக்குக் கொலுப்படிதான் ஞாபகம் வந்தது. எங்கள் வீட்டில் ஒவ்வொரு நவராத்திரிக்கும் ஒரு புது பொம்மையாவது வைத்தாக வேண்டும். எந்த ஊருக்குப் போனாலும் அங்கிருந்து ஒன்று வரும். பண்ருட்டிச் செட்டியார், ஜெய்ப்பூர் யானை, மதுரா கண்ணன் எல்லாம் அப்படி வந்தவைதான். இங்கே நூறு இருக்கிறதே, ஒன்று குறைந்தால் யாருக்குத் தெரியும்? ஓரத்தில் இருந்த ஒன்றை எடுத்துக் கைக்குட்டையில் சுற்றிப் பைக்குள் போட்டேன். மதினி வந்து சேர்ந்தபோது தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன்.

மடத்து வாசலில் பையையும் போனையும் பெட்டகத்தில் வைத்துப் பூட்டச் சொன்னார்கள். உள்ளே வெண்ணெய் விளக்குகளின் முன்னால் மதினி கண்ணை மூடிக் கால் மணி நேரம் உட்கார்ந்தார். நான் சாவியைக் கையில் உருட்டிக்கொண்டு வாசலைப் பார்த்தேன்.

ஐந்து மணிக்கு ஹோட்டலில் தேநீர். கொலுவுக்கு வருகிறவர்கள் கேட்பார்களே என்று கைக்குட்டையைப் பிரித்து, "கின்லேஜி, இது எந்தச் சாமி?" என்றேன்.

கோப்பையை வைத்துவிட்டு எழுந்து நின்றார். இரண்டு கையாலும் அதை வாங்கினார்.

"எங்கே வாங்கினீர்கள்?"

நான் வெறும் கைக்குட்டையை மடிக்கத் தொடங்கினேன். அதிலேயே அவருக்குப் புரிந்துவிட்டது.

"இதற்கு சா-சா என்று பெயர் லா. ஒருவர் இறந்தால் அவருடைய சாம்பலைக் களிமண்ணில் கலந்து நூற்றெட்டு செய்து இப்படி வைப்போம். நோயாளி பிழைக்க வேண்டும் என்றும் செய்து வைப்பதுண்டு."

"இது எது?"

"பார்த்துச் சொல்ல முடியாது மேடம்-லா."

யாரோ ஒருவரின் சாம்பலைக் கொலுப்படியில் ஏற்றப் பார்த்திருக்கிறேன், அல்லது எங்கோ படுக்கையில் கிடக்கும் ஒருவரின் நம்பிக்கையை உருவிக்கொண்டு வந்திருக்கிறேன். எதைச் செய்தேன் என்றுகூடத் தெரியாது. எனக்கு அழுகை வந்துவிட்டது. மதினி திட்டியிருந்தால் தேவலை. "இத கொண்டுபோயி வச்சாத்தான் எனக்குச் சோறு இறங்கும்" என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் பதினொன்றரைக்கு விமானம். ஒன்பதுக்கு நிலையத்தில் இருக்க வேண்டும். "நானே வைத்துவிடுகிறேன், நீங்கள் கிளம்புங்கள்" என்றார் கின்லே. "முதல் நாளே சொல்லாதது என் தப்பு." நான் ஒப்புக்கொள்ளவில்லை. எடுத்த இடம் எனக்குத்தானே தெரியும்.

தெரியும் என்றுதான் நினைத்தேன். காலை ஐந்து மணிக்கே நல்ல வெளிச்சம். மதினியை ஹோட்டலில் விட்டுவிட்டுக் கின்லேயும் நானும் ஏறினோம். முதல் பாறையடியில் கோபுரங்கள் சிவப்பாக இருந்தன. இரண்டாவதில் வரிசையே இல்லை, குவியல்தான். மணி ஆறே கால். முந்திய நாள் எதையும் பார்க்காமல் ஓடியதன் பலன், எல்லா வளைவும் ஒரே வளைவாகத் தெரிந்தது. திரும்பிவிடலாமா என்று அவர் ஒருமுறைகூடக் கேட்கவில்லை. நானும் கடிகாரத்தைக் கழற்றிப் பைக்குள் போட்டேன்.

மூன்றாவது பாறைதான். மண்டியிட்டு எட்டிப் பார்த்தேன். தூசிக்கு நடுவே ஒரு வட்டம் சுத்தமாக இருந்தது, கோபுரம் நின்ற அடையாளம். அதற்குப் பக்கத்தில் இன்னொரு வட்டம்.

"நான் ஒன்றுதான் எடுத்தேன்" என்றேன். சத்தியம் செய்யாத குறை.

"தெரியும் லா. அது வேறு யாருடைய வீட்டு அலமாரியிலோ இருக்கும்."

"இது எந்த வட்டத்துக்கு உரியது?"

"எதில் வைத்தாலும் சரி. வந்து சேர்ந்ததே போதும்."

என்னால் அப்படி விட முடியவில்லை. அடிப்பாகத்தைத் தடவி, இரண்டிலும் மாறி மாறி வைத்துப் பார்த்தேன். கடைசியில் ஓரத்து வட்டத்தில் பொருந்தியதுபோல் இருந்தது. கின்லே கை கூப்பி முணுமுணுத்தார். எனக்கு ஒரு மந்திரமும் வரவில்லை; மன்னிச்சிருங்க என்று தமிழில் சொன்னேன்.

விமானத்தைப் பிடித்துவிட்டோம். கூட்டத்தில் கடைசி ஆளாக ஏறினேன். "ஒடம்பு கிடம்பு சரியில்லியா?" என்று மதினி நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். தில்லியில் கதவைத் திறந்ததும் அதே அனல், நாலாபக்கமும் ஹாரன். என் ஊர்தான், அதிலே சந்தேகமில்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை எங்கள் பக்கத்து முருகன் கோயிலான மலை மந்திருக்குப் போனேன். அர்ச்சனை என்றால் கணவர், பிள்ளைகள், நான் என்று நால்வர் பெயரையும் நட்சத்திரத்தையும் ஒரே மூச்சில் ஒப்பித்துவிட்டுத் தீபாராதனைக்கு முன்பே செருப்பைத் தேடுகிறவள் நான். அன்று தட்டை நீட்டியதும் குருக்கள் வழக்கம்போல் கேட்டார்.

"பேர், நட்சத்திரம் சொல்லுங்கோ."

அந்த மண்கோபுரத்துக்கு உரியவர் ஆணா பெண்ணா தெரியாது. இருக்கிறாரா இல்லையா தெரியாது. எனக்குப் பின்னால் வரிசை நீண்டுகொண்டே போனது. யாரோ "ஜல்தி கரோ" என்றார்கள்.

"சாமி பேருக்கே பண்ணிருங்க" என்றேன். திரை விலகி, விளக்கு காட்டி, விபூதி கைக்கு வரும்வரை அங்கேயே நின்றேன்.