மடி என்ற சொல்லுக்கு என்னிடம் பதில் இல்லை

மகளுக்குக் காது குத்த மூன்றே நாள் இருந்தது. அவளை மடியில் வைத்துக்கொள்ள வேண்டிய தாய்மாமனை, வெற்றிலை பாக்கோடு காமயகவுண்டன்பட்டிக்குப் போய் நான்தான் அழைக்க வேண்டும். இரண்டு முறை மறந்துவிட்டேன். மனைவி என்னோடு பேச்சை நிறுத்திவிட்டாள்.

அப்போது நனவிலி மனத்தைப் பற்றிய இங்கிலீஷ் புத்தகம் ஒன்றைப் பாதி படித்துவிட்டு, அல்லிநகரம் முழுவதற்கும் வைத்தியம் பார்க்கத் துடித்துக்கொண்டிருந்தேன். அதில் கண்ட முறை இது: ஒருவர் ஒரு சொல்லைச் சொன்னதும் மற்றவர் மனத்தில் பட்டதைச் சொல்ல வேண்டும். தயங்கும் இடத்தில் அவரே அறியாத ஏதோ ஒளிந்திருக்கும். அவளுடைய கோபத்தை இப்படித் துருவலாம் என்று அவளிடமே விளக்கினேன்.

"மொதல்ல நான் கேக்குறேன். வெத்தல?" என்றாள்.

"பாக்கு."

"காது?"

"தோடு."

"மடி?"

அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. எனக்கு வாய் வரவில்லை.

"எங்கண்ணன் வந்தாகன்னா பிள்ள அவுககிட்டத் தாவிரும்ல, அதான் மறந்துபோச்சு! இதுக்கு இங்கிலீசு பொஸ்தகம் வேற!" என்று சிரித்துவிட்டாள்.

மறுநாள் விடிகாலை முதல் பஸ்ஸில் வெற்றிலைத் தட்டோடு ஏறினேன்.

ஊசி இறங்கியபோது மகள் மாமன் மடியில்தான் இருந்தாள். ஆனால் அலறிக்கொண்டே எட்டிப் பிடித்து இழுத்தது என் மீசையை. அந்த வலி எனக்கு எவ்வளவு இனித்தது என்பதை அறிய எந்தப் புத்தகமும் தேவைப்படவில்லை.