கேசட்டில் ஏறிய படகு

என் வீட்டுக்காரர் எங்கள் தீவில் பத்துபஸ்தி என்ற இடத்தில் டிவி ரிப்பேர் கடை வைத்திருந்தார். கடை என்னவோ இருந்தது. ரிப்பேருக்கு வந்த டிவிகள்தான் வரிசையாக உட்கார்ந்து அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தன. ஐயாவுக்கு அதைவிடப் பெரிய காரியம் இருந்தது. கீபோர்டு வைத்த பழைய வீட்டுக் கம்ப்யூட்டரில் ஓடிய ஒரு படகு விளையாட்டை, வீடியோ கேமில் சொருகுகிற கேசட்டுக்கு மாற்றிக்கொண்டிருந்தார்.

அந்த விளையாட்டை எழுதியவர் அவருடைய அண்ணன், காலேஜ் படிக்கும்போது. சுனாமி வந்த காலையில் அண்ணன் தெற்கே ஒரு தீவில் வேலையில் இருந்தார். உடல்கூடக் கிடைக்கவில்லை. கம்ப்யூட்டர் லம்பா லைன் பகுதியில் எங்கள் வீட்டு ஈரத்தில் பூஞ்சை பிடித்துச் செத்தது. விளையாட்டைப் பதிந்த டேப் மட்டும் பிழைத்தது. அண்ணனின் மனைவி, எனக்கு அக்கா முறை, சிப்பிகாட் என்ற ஊரில் தனியாக இருந்தாள். அவர் செய்ததை ஒருமுறை டிவியில் பார்க்கணும் என்று கேட்டாள். அதுவரை எங்களிடம் எதையுமே கேட்காதவள். அதனால் நானும் சில நாள் வாயை மூடிக்கொண்டேன்.

இரண்டு பெட்டிக்கும் மூளை ஒரே ஜாதி சிப்தானாம். அண்ணன் எழுதியதை அப்படியே ஏற்றிவிடலாமாம், அதில் இவர் கை வைக்கவே மாட்டாராம். சரி மகராசா. மீன் படகைவிடப் பெரிதாக இருந்தது, கை வைக்கவில்லை. படகு கரையோர ஜெட்டிப் பாலத்துக்குள் புகுந்து அந்தப் பக்கம் வந்தது, அதற்கும் ஒரு கும்பிடு.

ஆனால் ஆரம்பத்தில் ஆடுகிறவர் பெயரை டைப் அடிக்கச் சொல்லும். ஜாய்ஸ்டிக்கில் எழுத்துக்கு எங்கே போவது? தலையைப் பிய்த்துக்கொண்டு யோசித்து, அந்தக் கேள்வியை மட்டும் எடுத்துவிட்டு அண்ணன் பெயரையே நிரந்தரமாகப் போட்டார். மெயின்லேண்டிலிருந்து கப்பலில் வந்த கேசட் சிப்பில் பதித்து ஆடியும் பார்த்தார். பள்ளிக்கூட நாளிலிருந்து ஆடிய கை, ஒவ்வொரு தடவையும் படகு கரைக்குப் போனது. “டீக் ஹை, பக்கா” என்று தனக்குத்தானே சர்டிபிகேட் கொடுத்துக்கொண்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சிப்பிகாட் போனோம். ஜாய்ஸ்டிக்கை வாழ்நாளில் தொட்டிராத அக்கா, படகை நேராகப் பாறையில் கொண்டுபோய் மோதினாள். திரையில் அண்ணன் பெயர் வந்தது. பக்கத்திலேயே, கடலில் மூழ்கிவிட்டார் என்று இங்கிலீஷில் வந்தது.

எங்கள் வீட்டு விஞ்ஞானிதான் ஒரு தடவைகூடத் தோற்றுப் பார்க்கவில்லையே! எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த ஜாய்ஸ்டிக்காலேயே அவர் மண்டையில் போட்டிருப்பேன். அவர் சுவிட்சை அணைக்கப் பாய்ந்தார்.

“இருங்க தம்பி” என்றாள் அக்கா.

ஜாய்ஸ்டிக்கின் சிவப்புப் பொத்தானை அழுத்தினாள். படகு மறுபடி கிளம்பியது. மறுபடி மூழ்கியது, மறுபடி அதே பெயர். பார்க்கச் சகிக்காமல் நான் அடுப்படிக்குப் போய் டீ போட்டேன். டீ ஆறி ஏடு படிந்தது. அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. உதட்டைக் கடித்தபடி ஓட்டிக்கொண்டே இருந்தாள்.

கடைசியில் படகு மணலைத் தொட்டது. அண்ணன் பெயரும், கரை சேர்ந்தார் என்ற வரியும் வந்தன. அக்கா அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தானே சுவிட்சை அணைத்து, கேசட்டை உருவி மடியில் வைத்துக்கொண்டாள்.

“வந்துட்டார்ல. இனி இதை யாரும் போடாதீங்க.”